உழவர்கள் கற்கும் விதத்தை ஆராயும்போது பங்கேற்பு முறைகள் எங்கே தடுமாறுகின்றன, எப்படிச் சரிசெய்வது

உழவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று பங்கேற்பு முறைகளைக் கொண்டு, அதாவது ஊர் மக்களையே வரையவும் வரிசைப்படுத்தவும் பேசவும் வைத்து, ஆராய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் களத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்களின் எழுத்துகள் வழியே 1980களின் இறுதியிலிருந்து பரவிய பங்கேற்பு ஊரக மதிப்பீட்டுக் கருவிகள், ஊரில் என்ன இருக்கிறது, எது குறைகிறது, மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று அறிவதற்காக உருவானவை. தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்பதை வள வரைபடம் காட்டும். எந்த ரகத்துக்கு முதலிடம் என்பதைத் தரவரிசை அட்டவணை காட்டும். அந்த விருப்பத்துக்கு ஒருவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பது இரண்டிலும் இருக்காது. கற்றல் என்பது காலப்போக்கில் நிகழும் மாற்றம். இந்தக் கருவிகளோ ஒரு நாளின் நிலையைப் பதிவு செய்கின்றன. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையிலிருந்து பிறப்பவை. உழவர்களையோ கூட்டம் நடத்துபவரையோ குறை சொல்வதற்கு முன் கருவியைச் சோதியுங்கள்.

“எப்படிக் கற்றீர்கள்?” என்று கேட்டால், “எல்லாம் அனுபவம்தான்” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது

மிக அதிகமாக எதிர்ப்படும் சிக்கல் இது. பேசத் தயங்குகிறார்கள் என்று எண்ணிக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. அதனால் பயன் இல்லை. வேளாண் அறிவின் பெரும்பகுதி கண்ணிலும் கையிலும் இருக்கிறது. நமக்குத் தெரிந்தவை நம்மால் சொல்ல முடிந்தவற்றைவிட அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி சுட்டிக்காட்டியது இங்கே அப்படியே பொருந்தும். இன்னொரு காரணமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க வேளாண்மையை ஆராய்ந்த பால் ரிச்சர்ட்ஸ், பருவ முடிவில் வயலில் தெரியும் பயிர் அமைப்பு முன்கூட்டிய திட்டத்தின் விளைவாக இருக்க வேண்டியதில்லை என்றார். மழை தவறியபோது ஒரு மாற்றம், விதை குறைந்தபோது இன்னொன்று என்று அடுத்தடுத்துச் செய்துகொண்ட சரிக்கட்டல்களின் தடமாகவும் அது இருக்கலாம். அப்படிப்பட்ட வயலைக் காட்டி “ஏன் இப்படித் திட்டமிட்டீர்கள்?” என்று கேட்டால், இல்லாத திட்டம் ஒன்றை அவர் உங்களுக்காக உருவாக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உங்கள் குறிப்பேட்டில் வினைச்சொற்களைத் தேடுங்கள். பார்த்தேன், தோண்டினேன், பிய்த்துப் பார்த்தேன், ஒரு பாத்தியை மட்டும் விட்டுவைத்தேன் போன்றவை இல்லாமல் அனுபவம், அறிவு, பழக்கம் என்று பெயர்ச்சொற்களே நிறைந்திருந்தால் கோளாறு கேள்வியில்தான் இருக்கிறது.

சரிசெய்ய, பொதுவான கேள்வியை விட்டுவிட்டு ஒரே ஒரு முடிவைப் பிடியுங்கள். அதற்கு முந்தைய பருவத்தில் செய்தது ஒன்றாகவும் இந்தப் பருவத்தில் செய்தது வேறாகவும் இருக்க வேண்டும். பாசனத்தைத் தள்ளிப்போட்டது, மருந்து தெளிக்காமல் விட்டது, விதைப்பு ஆழத்தை மாற்றியது, எதுவானாலும் சரி. அந்த முடிவு எடுக்கப்பட்ட இடத்துக்கே அவருடன் நடந்து போங்கள். அங்கே நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். அன்று இங்கே வந்ததும் முதலில் எதைப் பார்த்தீர்கள்? அப்போது வேறு என்ன செய்திருக்கலாம்? எதைப் பார்த்திருந்தால் முடிவை மாற்றியிருப்பீர்கள்? மூன்றாவது கேள்விதான் அள்ளித் தரும். ஒருவர் எந்த அடையாளத்தைக் கொண்டு அளவிடுகிறார் என்பது அதில் வெளிப்படும். இதை அதே பருவத்துக்குள் செய்துவிடுங்கள். அறுவடை முடிந்துவிட்டால், கிடைத்த விளைச்சலுக்கு ஏற்ப நினைவும் தன்னை அடுக்கிக்கொள்ளும்.

அடுத்தது, சொல்லச் சொல்லாமல் பிரிக்கச் சொல்வது. சத்துக் குறைபாட்டால் மஞ்சளான இலை, நோயால் மஞ்சளான இலை, முதிர்ந்து மஞ்சளான இலை ஆகியவற்றைக் கலந்து வைத்து, குவியல்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். விளக்கம் பிறகு வரட்டும். மண்ணின் பதத்தை அறிய, ஈரம் வெவ்வேறாக உள்ள மண் கட்டிகளைக் கையில் கொடுத்து, உழவுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்க்க மட்டும் வைத்தால் பாதி அறிவு வெளியே வராது. பிசைந்து பார்க்கும் விரல்களைக் கவனித்து எழுதுங்கள். பதம் எப்படியிருக்க வேண்டும் என்று வாயால் விளக்க முடியாதவர், சரியான கட்டியைத் தயங்காமல் எடுத்து வைப்பதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது, கற்றுத்தரச் சொல்வது. அனுபவமில்லாத ஒருவரை அவருடன் வேலையில் இறக்கி, அவர் எங்கெங்கே திருத்துகிறார் என்று பாருங்கள். இருவரும் ஒத்துக்கொண்டால், வேலையைச் சிறிய காணொளியாக எடுத்து அவருக்கே போட்டுக் காட்டி, வேண்டிய இடத்தில் அவரையே நிறுத்திப் பேச வைக்கலாம். காட்சி ஓடும்போது ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது.

தோல்விகளையும் மறக்காதீர்கள். செய்துபார்த்துக் கைவிட்ட ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பல உழவர்கள் வயலின் ஓரத்திலோ ஒரு மூலையிலோ சிறிய அளவில் எதையாவது சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதைச் சோதனை என்று யாரும் அழைக்காததால் நம் படிவங்களில் அது பதிவாவதே இல்லை.

எல்லோரும் பயிற்சிக் கையேட்டின் மொழியில் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்

பொதுக் கூட்டத்தில் வெளிப்படுவது பெரும்பாலும் ஊரின் அதிகாரபூர்வக் கருத்துதான். இந்தியாவின் மேற்குப் பகுதியில் ஒரு மானாவாரி வேளாண் திட்டத்தில் பணியாற்றிய மானுடவியலாளர் டேவிட் மோஸ், பங்கேற்பு மதிப்பீட்டுக் கூட்டங்கள் எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் நிகழ்வுகள் என்பதையே 1994இல் ஒரு கட்டுரையில் சிக்கலின் வேராகக் காட்டினார். செல்வாக்குள்ளவர்களின் கருத்து அங்கே பொதுக்கருத்தாகிவிடும். பெண்களின் பங்கு மங்கிவிடும். திட்டம் எதைத் தரும் என்ற எதிர்பார்ப்பு பதில்களை வளைத்துவிடும்.

கூட்டத்தில் கேட்ட அதே கேள்வியை மறுநாள் வரப்பில் தனியாக இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். பதில் மாறினால் இடத்தில்தான் கோளாறு. மாறாவிட்டால், உங்களை அழைத்துவந்தவர் யார் என்று யோசியுங்கள். வேளாண் விரிவாக்கப் பணியாளருடன் (உழவர்களுக்கு அறிவுரையும் பயிற்சியும் தருபவர்) வந்திறங்கியவரிடம் “பயிற்சியில்தான் கற்றோம்” என்று சொல்வது இயல்பான மரியாதை. அதைப் பொய் என்று எழுதுவது அநியாயம்.

கருத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்பது பெரும்பாலும் போதும். அதற்கும் அசையாவிட்டால் கேள்வியைத் திருப்பிவிடுங்கள்: “பயிற்சியில் சொன்னதில் உங்கள் நிலத்துக்கு ஒத்துவராதது எது?” பொருந்தாமல் போன அறிவுரையைப் பற்றிப் பேச இடம் கொடுத்தால் நாக்கு தளரும். அறிவுரையை அவர் எப்படி எடைபோட்டார், எந்தப் பகுதியை வைத்துக்கொண்டு எதைத் தள்ளினார் என்பதும் அதே பேச்சில் கிடைத்துவிடும். நமக்கு வேண்டிய கற்றல் அதுவே.

நில உடைமையாளர்கள் பேசுகிறார்கள். வேலை செய்பவர்கள் வரவில்லை, வந்தாலும் பேசவில்லை

பெண்களுக்குத் தனிக் கூட்டம் வைப்பது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. ஆட்களைப் பிரிப்பதற்கு முன் வேலைகளைப் பட்டியலிடுங்கள். விதை பிரித்தெடுப்பது, நடவு, களையெடுப்பு, சேமிப்பு, கால்நடை பார்ப்பது என்று எழுதி, ஒவ்வொன்றிலும் யாருடைய கை படுகிறது என்று குறியுங்கள். பிறகு வேலைவாரியாகக் குழு சேருங்கள். களையெடுப்பவர்கள் ஒரு பருவத்தில் பலருடைய வயல்களில் இறங்குகிறார்கள். தன் வயலை மட்டும் பார்க்கும் உடைமையாளருக்கு வாய்க்காத ஒப்பீடு அவர்களிடம் இருக்கிறது. ஒரே பூச்சி எந்த வயலில் முன்னதாக வந்தது, எந்த முறையில் களை குறைந்தது என்பதற்கு அவர்களைவிடச் சிறந்த சாட்சிகள் இல்லை. அவர்களைப் பங்கேற்பாளர் பட்டியலில் சேர்க்காத ஆய்வு, ஊரில் அறிவு நகரும் முக்கியமான பாதை ஒன்றை இழந்துவிடுகிறது. கூலி இழக்காமல் அவர்கள் வரக்கூடிய நேரத்தை அவர்களையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு வரைபடத்தில் எல்லா அம்புகளும் ஒரே ஆளிடம் போய்ச் சேருகின்றன

“யாரிடம் கற்றீர்கள்?” என்ற ஒரே கேள்வியை வைத்து வரைந்தால் இப்படித்தான் வரும். விரிவாக்கப் பணியாளரோ முன்னோடி உழவரோ நடுவில் இருப்பார், மற்றவர்கள் சுற்றிலும் நிற்பார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்து சமூகவியலாளர்கள் ரயனும் கிராஸும் 1943இல் வெளியிட்ட ஆய்விலேயே இதற்கு விடை இருக்கிறது. புதிய விதையைப் பற்றி உழவர்கள் முதலில் கேள்விப்பட்டது பெரும்பாலும் விற்பனையாளர்களிடம். அதை ஏற்கும் முடிவில் அதிகம் செல்வாக்குச் செலுத்தியவர்கள் அக்கம்பக்கத்து உழவர்கள். அறிமுகம் ஒரு வழியில் வந்திருக்கிறது, நம்பிக்கை வேறு வழியில்.

எனவே ஒரு கேள்வியை நான்காகப் பிரித்து, நான்கு நிறங்களில் வரையுங்கள். முதலில் யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள்? யாருடைய வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்? தவறிப்போனபோது யாரிடம் கேட்டீர்கள்? உங்களிடம் வந்து கேட்டவர் யார்? இரண்டாவது கேள்விக்கான கோடுகள் பலரை வியக்கவைக்கும். ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தும் அவருடைய வயலிலிருந்து கற்றுக்கொள்ளலாம். பார்த்துக் கற்பது பேச்சில் தடம் விடுவதில்லை.

இதைப் பிடிக்கக் குறுக்கு நடையை மாற்றிக்கொள்ளலாம். வழக்கமான குறுக்கு நடையில் மேட்டிலிருந்து பள்ளம் வரை நேர்கோட்டில் நடந்து மண்ணையும் பயிரையும் குறிக்கிறோம். அதற்குப் பதிலாக, ஓர் உழவர் வீட்டிலிருந்து தன் வயலுக்குத் தினமும் போகும் பாதையில் அவருடன் நடங்கள். வழியில் எந்தெந்த வயல்கள் வருகின்றன, எங்கே நடை தளர்கிறது, எங்கே திரும்பிப் பார்க்கிறார் என்று குறியுங்கள். அவர் தினமும் படிக்கும் பாடம் அந்தப் பாதையில் கிடக்கிறது.

கூடவே, ஊரில் புழங்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் எதிரே ‘வரப்பில் நின்றால் தெரியுமா?’ என்று ஒரு கட்டம் போடுங்கள். புதிய ரகமும் நடவு இடைவெளியும் தெரியும். மருந்து தெளிக்கும் முன் நன்மை செய்யும் பூச்சிகளை எண்ணிப் பார்ப்பது தெரியாது. உழவர்கள் வயலிலேயே கூடிப் பூச்சி மேலாண்மை கற்கும் இந்தோனேசிய வயல்வெளிப் பள்ளிகளைப் பற்றி உலக வங்கியின் பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்றவர்களிடமிருந்து அக்கம்பக்கத்தவருக்கு அந்த அறிவு குறிப்பிடத்தக்க அளவில் பரவவில்லை என்றது. அது கவலைக்குரிய முடிவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு முடிவெடுக்கும் முறை, கண்ணுக்குத் தெரியும் விதையைப் போலப் பரவும் என்று எதிர்பார்த்ததைத்தான் முதலில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பேன்.

தேர்வில் மதிப்பெண் கூடுகிறது, வயலில் எதுவும் மாறவில்லை

வயல்வெளிப் பள்ளிகளின் பின்னணி இங்கே உதவும். இந்தோனேசியாவில் நெல்லைத் தாக்கிய புகையான் என்னும் பூச்சி பெருகியதற்குப் பூச்சிமருந்துகளே ஒரு காரணம். அதன் இயற்கை எதிரிகளை அவை கொன்றுவிட்டன. 1986இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிமருந்துத் தயாரிப்புகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. 1989இல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. ஏறத்தாழ 25 பேர் கொண்ட குழு, பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடி, செடியைக் கூர்ந்து பார்த்து, கண்டதை வரைந்து, விவாதித்து, அந்த வாரம் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் முறை அது. தாளில் தேர்வு வைக்காமல், வயலில் உள்ள செடியின் அருகிலேயே கேள்வியும் விடைகளுக்கான பெட்டிகளும் வைத்து, சீட்டுப் போடச் செய்யும் தேர்வும் அங்கே புழக்கத்தில் இருந்தது.

எழுத்துத் தேர்வைவிட இது எவ்வளவோ மேல். என்றாலும் அடையாளம் காணும் திறனை மட்டுமே இது அளக்கிறது. முடிவெடுக்கும் திறனை அறிய வேண்டுமானால் செடியைக் காட்டி “இது என்ன?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “இந்த வாரம் என்ன செய்வீர்கள், அடுத்து எப்போது வந்து பார்ப்பீர்கள்?” என்றும் கேளுங்கள். மீண்டும் எப்போது பார்ப்பார் என்பதற்கான பதில், மதிப்பெண்ணைவிட நம்பத்தக்க சான்று.

அதன்பிறகும் மாற்றம் இல்லையென்றால், கற்கவில்லை என்று எழுதுவதற்கு முன் அந்த முடிவு யாருடைய கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். நிலம் குத்தகையா? தண்ணீர் முறை வைத்து வருகிறதா? இடுபொருளைக் கடனாகக் கொடுப்பவர் எந்த மருந்தை வாங்குவது என்றும் சொல்லிவிடுகிறாரா? ஆள் கிடைக்கும் நாளில்தான் வேலை நடக்குமா? நன்றாகக் கற்றவர்கூடச் செய்ய முடியாத நிலை இருக்கலாம். காரணத்தோடு ஒன்றைச் செய்ய மறுப்பதும் கற்றலின் அடையாளமே.

வேறு வகைச் சிக்கலும் உண்டு. ஒரு தலைப்பில் மட்டும் எல்லோரும் தடுமாறுவார்கள். மானுடவியலாளர் ஜெஃப்ரி பென்ட்லி மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டுச் சிறு உழவர்களிடம் கண்டது இதை விளக்கும். செடிகளைப் பற்றி அவர்களுக்கு ஆழமாகத் தெரிந்திருந்தது. பூச்சிகளைப் பற்றி அந்த அளவுக்கு இல்லை. புழுக்களுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. எளிதில் கண்ணில் படுவதும் வாழ்வுக்கு முக்கியமானதும் நன்றாக அறியப்படுகிறது. பார்க்கவே முடியாததை அனுபவம் கற்றுத்தராது. இத்தகைய இடங்களில் நேர்காணல் எதையும் தராது. பார்க்கும் வாய்ப்பை நீங்களே ஏற்படுத்த வேண்டும். புழுவைக் கண்ணாடிக் குடுவையில் இலையோடு வளர்த்து, குளவி வெளிவருவதைக் குழு பார்க்கட்டும். பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகள் உங்கள் தரவு.

சில கூட்டங்களுக்குப் பிறகு ஆட்கள் குறைகிறார்கள்

உங்கள் நாட்காட்டியைப் பயிரின் நாட்காட்டிக்கு மேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். பயிரின் வளர்ச்சிக் கட்டத்தை ஒட்டிக் கூட்டம் வைத்தால், வயலுக்கு எப்படியும் வருகிறவர்கள் கூட்டத்துக்கும் வருவார்கள். மரப்பயிர்களுக்கும் கால்நடைகளுக்கும் இந்தத் தாளம் ஒத்துவராது. அங்கே ஒரு மரத்தின் அல்லது ஒரு மாட்டின் வரலாற்றை ஆண்டுவாரியாகச் சொல்லக் கேட்பது நல்லது.

நாட்காட்டியில் பிழை இல்லையென்றால், ஆய்வின் கேள்வி அவர்களுடையது இல்லை என்று பொருள். 1990இல் கொலம்பியாவில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் தொடங்கிவைத்த உள்ளூர் ஆய்வுக் குழுக்களில், ஊர் மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஊரே ஆய்வுக்கான தலைப்பையும் முடிவுசெய்தது. குழு சிறிய அளவில் சோதித்து, முடிவை ஊருக்கு அறிவித்தது. கற்றலை ஆராய்கிறவருக்கு இந்த அமைப்பு பெரும் வசதி. முதல் சோதனை முடிந்தபின் இரண்டாவதை அவர்கள் எப்படி மாற்றி அமைக்கிறார்கள் என்று பாருங்கள். ஒப்பிடுவதற்கு ஒரு பாத்தியைச் சேர்த்தார்களா, எதை அளப்பதை நிறுத்தினார்கள் என்பதில் கற்றல் கண்முன்னே நடக்கும்.

நாம் கேட்டதாலேயே அவர்கள் மாறுகிறார்கள்

“நீங்கள் போன தடவை கேட்டதிலிருந்து இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் பதற வேண்டாம். அதை எழுதாமல் விடுவதுதான் பிழை. எந்தக் கேள்வியை எந்த நாளில் யாரிடம் கேட்டோம் என்று தனிப் பதிவேடு வையுங்கள். பிரித்தறிய வேண்டிய தேவை இருந்தால், குழுக்களை வெவ்வேறு காலத்தில் தொடங்கி ஒப்பிடலாம்.

இரண்டு ஊர்களில் கருவிகளை வெவ்வேறாக மாற்றிவிட்டோம். இப்போது ஒப்பிட முடியவில்லை

படிவத்தை ஒரேமாதிரி வைத்திருந்தால் ஒப்பீடு தானாக வரும் என்று நம்புகிறோம். ஒரே படிவம் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளப்படுவதை அது தடுக்காது. நிலையாக வைக்க வேண்டியது ஆய்வின் அலகை. ‘மாற்றப்பட்ட ஒரு முடிவு’ என்பதை அலகாகக் கொண்டால், ஓர் ஊரில் அதைப் படம் வரைந்தும் இன்னோர் ஊரில் விதைகளை அடுக்கியும் வெளிக்கொணரலாம். கருவியை மாற்றும்போதெல்லாம் என்ன மாற்றினோம், யார் கேட்டு மாற்றினோம், அதனால் எதை இழந்தோம் என்று மூன்று வரிகள் எழுதிவையுங்கள்.

உழவர்கள் கேட்டுச் செய்யும் மாற்றங்களைத் தனியாகக் கவனியுங்கள். மாதங்கள் இட்ட பருவ நாட்காட்டியை மறுத்து, மழையையோ பயிரின் கட்டங்களையோ வரிசையாக வைத்துத்தான் பேச முடியும் என்று ஒரு குழு சொன்னால், காலத்தை அவர்கள் எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டார்கள். அதைக் கருவியின் தோல்வியாகப் பின்னிணைப்பில் ஒதுக்கிவிடக் கூடாது. அது முடிவுகளின் பகுதியில் வர வேண்டியது.

முடிவுகளைத் திருப்பிக் கொண்டுபோனால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்

“இது நாங்கள் இல்லை” என்று மறுத்தால் நல்லது, பேச ஏதோ இருக்கிறது. எதிர்ப்பே இல்லாத ஒப்புதலைத்தான் சந்தேகிக்க வேண்டும். முடித்த அறிக்கையைப் படித்துக் காட்டினால் விருந்தினரை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. அரைகுறையாகவே கொண்டுபோங்கள். அவர்கள் வரைந்த படங்களையும் சொன்ன வார்த்தைகளையும் தனித்தனிச் சீட்டுகளாகக் கலைத்துப் போட்டு, நீங்கள் அடுக்கியதைக் காட்டாமல் அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு அடுக்குகளும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள். பிறகு, “இதில் எதை எடுத்துவிட வேண்டும்?” என்று கேளுங்கள். எதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டால் மௌனம் வரும். எதை நீக்கலாம் என்று கேட்டால் விவாதம் வரும். படங்களையும் காணொளிகளையும் வெளியே காட்டுவதற்கான ஒப்புதலை இந்தக் கட்டத்தில் இன்னொரு முறை கேட்டுப் பெறுங்கள். தொடக்கத்தில் சரி என்றவருக்கு, எது பதிவாகியிருக்கிறது என்பது இப்போதுதான் தெரியும். மூல வரைபடங்களை ஊரிலேயே விட்டுவிட்டு நகல்களை எடுத்துச் செல்லுங்கள்.